ஒன்பது நாள் கருவி பழுதாம்

1

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அவனவன் தன்னுடையதைச் சொல்லட்டும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டை சுமந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விட்டதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டேன். கரிந்துபோன பம்புசெட் மோட்டார் ஒன்றை ஒரு விவசாயி மார்க்கெட் வாசலில் எறிந்துவிட்டுப் போனார். அதைப் பிரித்து, செம்புக் கம்பி எத்தனை சுற்று, எந்தப் பக்கம் வளைகிறது என்று விரலால் எண்ணி, அதே மாதிரி திரும்பச் சுற்றி ஓடவைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. இசக்கிமுத்துக்கு நான்தான் தொழில் சொல்லித்தந்தேன் என்று இப்போது இரண்டு பேர் சொல்லித் திரிவதாகக் கேள்வி. இரண்டு பேரும் பொய்யர்கள்.

தென்காசியில் மோட்டார் சுற்றும் கடை வைத்தேன். சைக்கிள் ரிம்மை வைத்துக் கம்பி சுற்றும் எந்திரம் செய்தேன். குற்றாலத்தில் அன்றைக்கு இருந்த லாட்ஜுகளில் பாதிக்கு மேல், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டார் என் கையால் சுற்றியது. ஒரு பழைய லாரியின் கியர்ப் பெட்டியையும் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றையும் சேர்த்து, இலஞ்சிக்கு மேற்கே வயல் நடுவில் காற்றாடி நிறுத்தினேன். காற்றில் கரண்ட் எடுத்து, அதை அரசாங்கத்துக் கம்பியிலேயே திருப்பி ஏற்றினேன். நம் வட்டாரத்தில் எனக்கு முன்னால் அதைச் செய்தவன் இருந்தால் வரச்சொல்லுங்கள், பார்க்கிறேன். அப்புறம் தூத்துக்குடியில் கப்பலேறி, டென்மார்க் தேசத்து மேற்குக் கரையில் பாஷை ஒரு சொல் தெரியாமல் இறங்கினேன். எல்லாரும் கைவிட்ட கப்பல் ஜெனரேட்டரை பதினோரு நாளில் சுற்றிக் கொடுத்தேன். கொடுத்த இடத்திலேயே வேலை. பெண்டாட்டி பிள்ளையை வரவழைத்தேன். வீடு வாங்கினேன்.

இதில் ஒன்றுக்குக்கூட நம் ஊர்க்காரர் யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. சிரித்தீர்கள். அது மட்டும்தான் கொடுத்தீர்கள்.

ஊரில் போடப்போகிற சிறப்பு மலருக்கு எழுதச் சொல்லி மலர்க் கமிட்டிச் செயலாளர் கடிதம் போட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்து பத்து வருஷம் நிறைகிறதே, குற்றாலச் சாரலைப் பற்றி ஏக்கம் தோன்ற இரண்டு பக்கம் எழுதித் தரக்கூடாதா என்கிறார். ஏக்கத்தை வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பதைத்தான் நான் எழுத முடியும்.

2

இங்கே காற்றுக்குக் குறைவில்லை. காலையில் சைக்கிளை எடுத்தால் அரை மைல் காற்று தள்ளும், அரை மைல் தடுக்கும். அந்தக் காற்றையும் இவர்கள் சும்மா விடவில்லை. மூன்று கை வைத்த காற்றாலைகள் செய்கிறார்கள். அதற்குள் இருக்கிற ஜெனரேட்டர் பழுதானால் சுற்றித் தருவது எங்கள் பட்டறை. ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம். எட்டுப் பேர் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஆளிடம்தான் கஷ்டமான சுருள் வருகிறது.

பாஷை இன்னும் சண்டை போடுகிறது. இவர்கள் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் வைத்திருக்கிற பெயர், அண்ணன் தம்பி முகம் மாதிரி. வந்த புதிதில் ஐம்பது சுற்றுக்கு அறுபது சுற்றி ஒரு சுருளைப் பாழாக்கினேன். அன்றிலிருந்து எண்ணைப் பேப்பரில் எழுதித் தந்தால்தான் கம்பியைத் தொடுவேன் என்று சட்டம் போட்டேன். இப்போது பட்டறையே அந்தச் சட்டப்படி நடக்கிறது. அதற்கும் யாரும் நன்றி சொல்லவில்லை.

முனிசிபாலிட்டி ஆபீஸில் முதல் நாள் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். இல்லை என்றேன். இல்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லையாம். அப்பா பெயரைக் கேட்டு, ஆறுமுகம் என்று போட்டுக்கொண்டார்கள். பத்து வருஷமாக எனக்கு வரும் கடிதமெல்லாம் திருவாளர் ஆறுமுகத்துக்கு வருகிறது. அந்த மனிதர் பாவூர்சத்திரம் தாண்டி ஒரு ஊர் பார்த்ததில்லை. மூன்று தடவை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் ஆறுமுகத்துக்குப் பதில் வந்தது.

என் மகள் வள்ளிக்கு இப்போது பதினெட்டு. எட்டு வயதில் வந்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர் பாஷையில் பதில் சொல்கிறாள். அவள் அம்மா செண்பகம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் முழிக்கிறாள். அப்பா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு 'தொழிலாளி' என்று எழுதியிருந்தாள். காற்றிலிருந்து கரண்ட் எடுத்தவன் என்று எழுதியிருக்கலாமே என்றேன். "அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு அப்பா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் எரிந்தது.

3

ஆதாரம் இருந்தது. மூன்று நோட்டு.

எமர்ஜென்சி நடந்த காலத்தில் ஆரம்பித்தேன். அப்போது குற்றால சீசன் வந்தால் என் கடையில் கரிந்த மோட்டார் வந்து குவியும். மற்ற மெக்கானிக்குகளுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏன் என்று ஒரு அரிப்பு. மழைக்காலம், வயலில் தண்ணீர் நிற்கிறது, பம்புசெட் எல்லாம் தூங்குகிறது. கரண்டுக்குத் தேவை குறையத்தானே வேண்டும்? பிறகு லாட்ஜ் மோட்டார் ஏன் கரிகிறது?

கடையில் ஒரு வோல்ட் மீட்டரைச் சுவரில் மாட்டினேன். காலையிலிருந்து கடை அடைக்கும் வரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதினேன். அதோடு காற்றையும் எழுதினேன். காற்றை அளக்கிற கருவி கலெக்டர் ஆபீஸில்கூட இருந்திருக்காது. நான் கடை மாடியில் கம்பு நட்டு ஒரு துண்டைக் கட்டினேன். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் வாங்குகிற அதே ஈரிழைத் துண்டு. துண்டு தொங்கினால் ஒன்று. நுனி ஆடினால் இரண்டு. பாதி எழும்பினால் மூன்று. படுக்கை வசத்தில் பறந்தால் நான்கு. படபடவென்று அடித்தால் ஐந்து. துண்டைக் காணோம் என்றால் ஆறு. இரண்டு சீசனில் பதினாறு துண்டு போயிற்று.

எதிர்க்கடையில் ஜவுளி வைத்திருந்த பிச்சையா அண்ணாச்சிக்கு இது பெரிய தமாஷ். வருகிற வாடிக்கையாளரை எல்லாம் வாசலுக்கு இழுத்து வந்து மேலே காட்டுவார்.

"ஏலே, அங்கன பாரு. இசக்கிமுத்து துண்டக் காயப்போட்டு கரண்டு எடுக்கான்."

"எடுத்துக் காட்டுதேன் அண்ணாச்சி. அன்னைக்கு உங்க கடை வெளக்கு என் காத்துலதான் எரியும்."

"எரியும், எரியும். உனக்கு இப்பமே மண்டைக்குள்ள எரியுதுல்லா."

எத்தனை பேர் சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் பெயராக இருக்கிறது.

ஆனால் நோட்டு சொன்னதைக் கேளுங்கள். சாரல் நாளில் காற்று காலையில் படுத்துக் கிடக்கும். பதினொரு மணிக்கு எழும்பும். மூன்று, நான்கு மணிக்கு உச்சம். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சில நாள் பட்டென்று நின்றுவிடும். மலை உச்சியில் மேகம் வந்து கனமாக உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று விழப்போகிறது என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சொன்னபடி விழும். வோல்ட் கதை வேறு. பகலில் நன்றாக இருக்கும். அருவியில் குளித்துவிட்டுக் கூட்டம் அறைக்குத் திரும்பும் சாயங்காலம், எல்லா லாட்ஜும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டு மோட்டாரையும் போடும். வோல்ட் சரியும். சரிந்த வோல்ட்டில் மோட்டார் மூச்சு வாங்கிக் கரியும்.

மெயினருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர் கோமதிநாயகம். அவரிடம் போய், சாயங்காலம் மோட்டார் போடாதீர், நாலு மணிக்கே தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளும் என்றேன்.

"என்னவே, மோட்டார் கரிஞ்சாத்தான ஒமக்குச் சோறு? நீரே கரியாம இருக்க வழி சொல்லுதீரு?"

"சொன்னதச் செய்யும். கரிஞ்சா ஓசியில சுத்தித் தாரேன்."

அந்த சீசனில் அவர் லாட்ஜில் ஒரு மோட்டாரும் கரியவில்லை. அடுத்த சீசனில் ஏழு லாட்ஜ் நாலு மணிக்கு மாறியது. என் கடைக்கு வேலை குறைந்தது. கரண்டு தேவைப்படுகிற நேரத்துக்குக் காற்றை வரச்சொல்ல முடியாது. காற்று வருகிற நேரத்துக்கு வேலையை நகர்த்தலாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. குற்றாலத்தில் ஈரத் துணிக் கூட்டத்துக்கு நடுவில், லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்தேன்.

4

போன மாதம் பட்டறை முதலாளி என்னிடம் வந்தார். பக்கத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு டாக்டர் வந்திருக்கிறாராம். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்குகிற டாக்டர். காற்றாலைகள் பெருகினால் ஒரு நாட்டின் மின்சார வலையை எப்படி ஓட்டுவது, அதற்கு முதலில் எவற்றை ஆராய வேண்டும் என்று பேசப் போகிறார். ஆள் தமிழர், சைவம், மூன்று நாளாக ரொட்டியும் உருளைக்கிழங்குமாகக் கஷ்டப்படுகிறார், உன் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு போட முடியுமா என்றார். செண்பகம் அன்றே புளியை ஊறப்போட்டுவிட்டாள்.

மத்தியானப் பேச்சுக்கு வள்ளியையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சு இங்கிலீஷ். அவள் என் காதில் இந்த ஊர் பாஷையில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மேடையில் நின்றவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, கண்ணாடி மாறியிருந்தது. ஆனால் பேசும்போது ஆட்காட்டி விரலால் மேஜையைத் தட்டுகிற பழக்கம் போகவில்லை. நம் பக்கத்தில் கரண்ட் ஆபீஸ் எஞ்சினீயராக இருந்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் என் பெயரை எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

"காத்து எப்ப வரும், எப்ப நிக்கும்னு முன்னாடியே தெரியணுமாம்" என்றாள் வள்ளி. அது என் மலை மேகம். "காத்து வர்ற நேரமும் ஜனங்க கரண்ட் எடுக்கிற நேரமும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கணுமாம். ஒத்துப்போகலைன்னா வேலையை நகர்த்த முடியுமான்னு பார்க்கணுமாம். ஒரு சுற்றுலா ஊர்ல லாட்ஜை வெச்சுச் சோதனை நடத்தினாங்களாம்."

"யாரு நடத்துனா?"

"சொல்லலை. நடத்தப்பட்டதுன்னார்."

நடத்தப்பட்டதாம். தானாக நடந்தது போலிருக்கிறது. லாட்ஜ் படியெல்லாம் தானாக ஏறி இறங்கியிருக்கும்.

அப்புறம் திரையில் ஒரு படம் விழுந்தது. இரண்டு கோடு. மேலே காற்று, ஒன்றிலிருந்து ஆறு வரை. கீழே வோல்ட். எனக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் கையெழுத்து தெரியாதா? ஆடி மாதத்து ஏற்ற இறக்கம், ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். காற்றுக்கோடு நிற்காமல் ஓடுகிறது. வோல்ட் கோடு மட்டும் நடுவில் ஒன்பது நாள் அறுந்து கிடக்கிறது.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுந்து அந்த அறுந்த இடத்தைக் காட்டிக் கேட்டார். டாக்டர் மேஜையைத் தட்டினார், சிரித்தார், பதில் சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"கருவி பழுதுன்னு சொல்றார். ஒன்பது நாள்."

5

பழுது இல்லை. அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். இது எனக்குப் பெருமை சேர்க்காத இடம். இருந்தாலும் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த சீசனில் இலஞ்சிக்கு மேற்கே என் மச்சினன் வயலில் காற்றாடியை நிறுத்தினேன். தேக்குப் பலகையில் கை. மோட்டாரைக் கரண்ட் சுழற்றினால் அது மோட்டார். அதே மோட்டாரைக் காற்று பிடித்து அதன் வேகத்துக்கு மேல் சுழற்றினால் அது கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் கொடுக்கும்போதே, வேலைக்கு உதவாத ஒரு வெட்டிக் கரண்டைக் கம்பியிலிருந்து உறிஞ்சி, கடைசி வீட்டு விளக்கை மங்க வைக்கும். அதை நிறுத்த, அந்த வெட்டிக் கரண்டைத் தாங்களே கொடுக்கிற கெபாசிட்டர் டப்பாக்களைப் பக்கத்தில் கட்டினேன். விளக்கு மங்கவில்லை. மச்சினன் வயல் மீட்டர் பின்பக்கமாகச் சுழன்றது. அதை வேடிக்கை பார்க்க இலஞ்சியிலிருந்து கூட்டம் வந்தது. சிரித்த பிச்சையா அண்ணாச்சியும் வந்தார். குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் பெருங்காற்று. மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியில் விழுந்தது. வயர்மேன் சுடலை வந்தார். ஒழுங்காக டிரான்ஸ்ஃபார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார். அவர் செய்தது எல்லாம் சரி. கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கையை வைத்தார். கம்பி சாகவில்லை. அரசாங்கத்துக் கரண்டு நின்றாலும் என் காற்றாடி நிற்கவில்லை. நான் கட்டிய கெபாசிட்டரை வைத்துக்கொண்டு அது தானாகவே கம்பிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சுடலை கம்பத்திலிருந்து உழுத சேற்றில் விழுந்தார். சேறாக இருந்ததால் உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் கருகிவிட்டது.

எஞ்சினீயர் ஜீப்பில் வந்தார். முதலில் சுடலையைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்.

"இது கரண்ட் திருட்டு."

"சார், திருடுனா மீட்டர் நிக்கும். இது பின்னால ஓடுது. நான் உங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ என்ன படிச்சிருக்கே?"

"அஞ்சாப்பு."

"அப்போ வாயை மூடு."

வயலுக்கு மட்டும் இல்லை, தென்காசியில் என் கடைக்கும் கரண்டை வெட்டினார். காற்றாடியைப் பிரித்துப் போட்டால்தான் கொடுப்பேன் என்றார். பிரித்துப் போட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் துண்டைப் பார்த்துக் காற்றை எழுதினேன். வோல்ட் எழுத முடியவில்லை. கரண்டே இல்லாத சுவரில் வோல்ட் மீட்டர் என்ன காட்டும்?

சீசன் முடிந்து அவருக்கு மாற்றல் வந்தது. கிளம்புமுன் கடைக்கு வந்து மூன்று நோட்டையும் நின்றபடியே புரட்டினார். குரலெல்லாம் மாறிவிட்டது. "இதை ரெண்டு நாள் குடுங்க இசக்கிமுத்து. பார்த்துட்டுத் தரேன்" என்றார். கொடுத்தேன். படித்த மனிதர் ஒருவர் என் நோட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் கொடுத்தேன். முட்டாள்தனம்தான்.

அதற்கப்புறம் ஊரில் எனக்கு வேலை வரவில்லை. ஆளைக் கருக்குகிறவன் என்று பெயர் வைத்தீர்கள். மோட்டார் கரிந்தால் செங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் கப்பலேறினேன்.

6

செண்பகம் ரசமும் கூட்டும் அப்பளமுமாக வைத்திருந்தாள். டாக்டர் இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தார். பட்டறைக்காரன் வீட்டில் இப்படி ஒரு சாப்பாடா என்று வியந்தார். என்னைத் தெரியவில்லை. வேலைச் சட்டை போட்டவன் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

"ஊர் எந்தப் பக்கம்?"

"தென்காசி."

"அடடே, நான் அந்தப் பக்கம் வேலை பார்த்திருக்கேன். உங்க பேரு? இங்கே ஆறுமுகம்னு சொன்னாங்க."

"அது எங்க அப்பா. நான் இசக்கிமுத்து."

அப்பளத்தை நொறுக்கிய கை நின்றது.

"மோட்டார் கடை இசக்கிமுத்தா?"

"ஆமா சார். நீங்க மத்தியானம் சொன்னியளே, ஒன்பது நாள் பழுதாக் கெடந்த கருவின்னு. அது நான்தான்."

வள்ளி தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். செண்பகம் என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் ஏன் நிறுத்த வேண்டும்?

"மூணு நோட்டும் எங்க சார்?"

"அதெல்லாம் மாற்றல்ல எங்கேயோ... பத்து வருஷம் ஆச்சே."

"கோடு மட்டும் பத்திரமா இருக்கு."

அவர் கை கழுவாமலே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஆட்காட்டி விரல் என் வீட்டு மேஜையைத் தட்டியது.

"நீங்க கோபப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. ரிப்போர்ட்ல உங்க பேரைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வயர்மேன் கையையும் உங்க பேர்ல போடணும். கேஸ் வந்திருக்கும். பாஸ்போர்ட் வந்திருக்காது. இந்த வீடு, இந்தச் சாப்பாடு, இந்தப் பொண்ணு இங்கே படிக்கிறது, ஒண்ணும் இருந்திருக்காது. உள்ளூர் ஆள் ஒருத்தர் தகவல் தந்தார்னு எழுதினேன். அது உங்களைக் காப்பாத்தத்தான்."

"வயர்மேன் கைக்கு என்ன அப்பா?" என்றாள் வள்ளி. தமிழில் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். கம்பம், சேறு, இரண்டு விரல், எல்லாம். நன்றாகத்தான் சொன்னார். மேடையில் பேசிப் பழகியவர்.

"நீங்க அவரப் போய்ப் பாத்தீங்களா?" என்று வள்ளி என்னைக் கேட்டாள்.

பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு நாள் போனேன். உள்ளே போகவில்லை. கப்பலேறும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை. இதை அவளிடம் சொன்னேன். அவள் செம்பை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "விடுங்க. அடுத்த அச்சில நன்றின்னு ஒரு வரி சேர்க்கறேன். தென்காசி வட்டார மக்களுக்கு நன்றின்னு."

"மக்களா? மக்கள் சிரிச்சாவ சார். எழுதுனது நான்."

அவர் கை கழுவிக்கொண்டு கிளம்பினார். ரசம் பிரமாதம் என்று செண்பகத்திடம் சொன்னார். பேச்சின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வள்ளி அதைப் படித்துச் சொன்னாள். முகம் கொடுத்துப் பேசவில்லை, படித்துச் சொன்னாள். ஆராய வேண்டியவற்றில் நாலாவதாக ஒன்று போட்டிருக்கிறார்: பெரிய கம்பிவலை நிற்கும்போது காற்றாலையும் தானாக நிற்க என்ன வழி, நிற்காமல் போனால் கம்பத்தில் இருப்பவர் உயிருக்கு ஆபத்து. இதை ஒரு கிராமத்து விபத்து காட்டியது என்று எழுதியிருக்கிறார். எந்தக் கிராமம், யாருடைய விரல், யாருடைய தப்பு, ஒன்றும் இல்லை. இதுவும் தானாகவே நடந்திருக்கிறது.

"நல்ல பேப்பர்தான் அப்பா" என்றாள். "ஆனா இதுல ஒரு மனுஷன்கூட இல்ல."

7

இப்போது நான் கேட்பதைக் கேட்கிறேன்.

டாக்டருக்குத் தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன். இது அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும். கயத்தாறு பக்கம், ஆரல்வாய்மொழி பக்கமெல்லாம் காற்றாலை நடுகிறார்களாமே. அடுத்தது நம் செங்கோட்டைக் கணவாய்க் காற்றைத் தேடி வரப் போகிறார்கள். அப்போது இந்தப் பேப்பரைத்தான் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் அதில் பெயர் இருக்க வேண்டும்.

காற்றையும் வோல்ட்டையும் இரண்டு சீசன் அளந்தது நான். கோமதிநாயகம் குற்றாலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கேள்வி. லாட்ஜ் மோட்டார்களை நாலு மணிக்கு மாற்றியது யார் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்கி, மலர்க் கமிட்டி எனக்கு அனுப்ப வேண்டும். பிச்சையா அண்ணாச்சியும் எழுதித் தர வேண்டும். சிரித்ததையும் சேர்த்து எழுதட்டும். சிரித்தவர் பார்த்திருக்கிறார் என்பது நிச்சயம்தானே. ஒன்பது நாள் கருவி பழுது என்பதை அடித்துவிட்டு, கரண்டை வெட்டினோம் என்று போட வேண்டும். வெட்டியவர் யார் என்று அவரே போட்டுக்கொள்ளட்டும்.

சுடலை எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சிவகிரிப் பக்கம் போய்விட்டார் என்று ஒருவர் எழுதினார். தெரிந்தவர்கள் விலாசம் அனுப்புங்கள். நான் எழுத வேண்டியதை நானே எழுதிக்கொள்கிறேன், அது இந்த மலரில் வராது. ஆனால் அந்தப் பேப்பரில் அவர் பெயர் வர வேண்டும், அந்த நாலாவது விஷயத்துக்குப் பக்கத்திலேயே. அவர் ஒழுங்காகச் சுவிட்சை இறக்கிவிட்டு ஏறினார் என்பதும் வர வேண்டும். கம்பியை உயிரோடு வைத்திருந்தது என் காற்றாடி. அதுவும் வர வேண்டும். கேஸ் வந்தால் வரட்டும். பத்து வருஷம் ஒருவர் என்னைக் காப்பாற்றியது போதும்.

பாராட்டை மட்டும் கேட்டிருந்தால் கொடுக்காமல் இருக்க உங்கள் எல்லாருக்கும் ஒரு சாக்கு கிடைத்திருக்கும். பழியையும் சேர்த்தே கேட்கிறேன். அளந்தவன், கரண்டை ஏற்றியவன், ஒரு மனுஷன் கையைக் கருக்கியவன், மூன்றும் ஒரே ஆள். செயலாளர் இதில் ஒரு வரியை வெட்டினாலும் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெட்டாமல் போடுவதாக இருந்தால் என் பெயரைக் கீழே இருக்கிறபடி, ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல், அந்தப் பேப்பரில் எப்படி வர வேண்டுமோ அப்படியே போடவும்:

ஆ. இசக்கிமுத்து, மோட்டார் சுற்றுகிறவர், தென்காசி.